கடலையில் உள்ள நோயறி புரதம்: பெங்களூரு ஆய்வு சந்தைக்கு வருமா?

பெங்களூரு: சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் விற்கப்படும் நிலக்கடலையிலும் பலாக்கொட்டையிலும் புற்றுநோய்ச் செல்லின் அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் உள்ளன. அங்கிருந்து சில கி.மீ. தொலைவிலுள்ள இந்திய அறிவியல் கழகம், அவற்றின் அமைப்பை 1990-களிலேயே உலகுக்கு அறிவித்தது. ஆனால், இவ்வகைப் புரதங்களை நோயறியும் சோதனைகளாக மாற்றுவதில் ஜப்பான் முந்திக்கொண்டது.

சர்க்கரையை அறியும் புரதம்: செல்களின் மேற்பரப்பில் சர்க்கரைத் தொடர்கள் உள்ளன. நோயுற்றால் இவை மாறுகின்றன. குறிப்பிட்ட சர்க்கரையை மட்டும் பற்றும் புரதங்களே லெக்டின்கள். கொள்ளுச் சாறு ரத்த அணுக்களைத் திரளச் செய்வதை ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட், பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் 1951-ல் எழுதினார். 'ஏ' ரத்தப் பிரிவின் உட்பிரிவுகளை அறியக் கொள்ளு லெக்டின் இன்றும் பயன்படுகிறது.

அறிவியல் கழகத்தில் மறைந்த பேராசிரியர் எம். விஜயன் குழுவினர் 1994-ல் கடலை லெக்டினின் அமைப்பையும், 1996-ல் பலாக்கொட்டையின் ஜாகலின் அமைப்பையும் வெளியிட்டனர். ஆரோக்கியமான செல்களில் மறைந்திருந்து, பல புற்றுநோய்களில் வெளிப்படும் 'டி' ஆன்டிஜெனை இவ்விரண்டும் பற்றுகின்றன.

பாக்டீரியாவில் உற்பத்தி: விதையிலிருந்து பிரிக்கும் லெக்டினில் சற்றே மாறுபட்ட பல வடிவங்கள் கலந்திருக்கும், தரமும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும். எனவே அதன் மரபணுவை ஈ-கோலை பாக்டீரியாவில் செலுத்தி, ஒரே சீரான புரதம் பெறப்படுகிறது. அவதேஷ சுரோலியா, விஜயன் குழுவினர் 1990-களின் இறுதியில் கடலை லெக்டினை இவ்வாறு தயாரித்து, அதன் பற்றும் தன்மையையே மாற்றி ஆராய்ந்தனர்.

பல லெக்டின்களைக் கண்ணாடித் தகட்டில் நுண்புள்ளிகளாகப் பதித்து, ஒளிரும் சாயமேற்றிய ரத்தப் புரதங்களை அதன்மேல் இட்டால், ஒளிரும் புள்ளிகளைக் கொண்டு சர்க்கரை மாற்றத்தை அறியலாம். இதுவே 'மைக்ரோஅர்ரே' சோதனை. ஆனால் எல்லா லெக்டின்களும் பாக்டீரியாவுக்கு வசப்படுவதில்லை. பலா மரத்தில் ஜாகலின் இரு சங்கிலிகளாக வெட்டப்படுகிறது. பாக்டீரியாவில் அது நடப்பதில்லை. ஒற்றைச் சங்கிலியாகத் தயாரித்த ஜாகலின், இயல்பான வடிவம் பெற்றும் சர்க்கரையைக் குறைவாகவே பற்றியதாகப் புணே விஞ்ஞானிகள் 2004-ல் தெரிவித்தனர். தகட்டில் பதிக்கும் முன் ஒவ்வொரு புரதத்தையும் சோதிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஜப்பான் காட்டிய வழி: மைசூர் பருப்பு லெக்டினைக் கொண்ட, கல்லீரல் புற்றுநோய் அபாயத்தை அறியும் ஜப்பானிய சோதனைக்கு 2005-ல் அமெரிக்கா அனுமதியளித்தது. லெக்டின் மைக்ரோஅர்ரே மூலம் ஜப்பானியர் தேர்ந்தெடுத்தது, விஸ்டேரியா கொடியின் லெக்டின். ஊசியால் கல்லீரல் திசுவை எடுக்காமல், ரத்தத்திலேயே நார்த்திசு வளர்ச்சியை அறிய இது உதவுகிறது. இச்சோதனை 2015-ல் அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

டெல்லியின் பொறுப்பு: 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பயோ-ஈ3' கொள்கை, உயர்மதிப்பு உயிரிப்பொருள் உற்பத்தியை முன்னிறுத்துகிறது. லெக்டின்களுக்கும் அதில் இடமளிக்கலாம். ஆய்வுக்கு நிதி அளிப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. தரப்படுத்திய உற்பத்தி, நம் நோயாளிகளிடம் பரிசோதனை, அரசு மருத்துவமனைகளின் கொள்முதல் ஆகிய மூன்றும் இணைய வேண்டும். இல்லையேல், நம் கடலையின் ரகசியத்தை நாமே கண்டறிந்தும், அதன் பயனை மட்டும் இறக்குமதி செய்யும் நிலையே ஏற்படும்.