இரண்டே கற்றையில் வரும் 6,000 மெகாவாட்

கொங்குப் பகுதியில் தோட்டங்களுக்கு மேலே போகும் மின்கோபுரங்களைக் கொஞ்சம் அண்ணாந்து பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். வழக்கமான உயரழுத்தக் கோபுரங்களில் கம்பிகள் மூன்று, ஆறு என்று மூன்றின் மடங்கில் தொங்கும். சத்தீஸ்கரில் உள்ள ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் தடத்தில் மின்சாரத்தைச் சுமக்கும் முதன்மைக் கற்றைகள் இரண்டுதான். ஒன்றில் பிளஸ் 800 கிலோவோல்ட், மற்றதில் மைனஸ் 800 கிலோவோல்ட். அந்த இரண்டும் சேர்ந்து 6,000 மெகாவாட் வரை கொண்டுவரும். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதைப் போல மூன்று மடங்கு அது. தூரம் 1,700 கிலோமீட்டருக்கும் மேல்.

இதில் ஓடுவது டிசி, பாடப்புத்தகம் சொல்லும் நேர்திசை மின்னோட்டம். நம் வீட்டுக்கு வருவதோ ஏசி. ஆகவே ராய்கரில் ஏசியை டிசியாக்கி அனுப்பி, புகளூரில் அதை மறுபடி ஏசியாக்க வேண்டும். இதற்கான மாற்று நிலையங்களை ஏபிபி நிறுவனமும் நம்முடைய பெல் நிறுவனமும் சேர்ந்து அமைத்தன. ஏபிபியின் அந்தப் பிரிவு இன்று ஹிட்டாச்சி எனர்ஜி என்ற பெயரில் இயங்குகிறது. அதன் வேர் சுவீடனின் வெஸ்டரோஸ் நகரில் தலைமையகம் வைத்திருந்த ஆசியா என்ற பழைய மின்பொறியியல் கம்பெனியில் இருக்கிறது. கண்டத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அது சுவீடிஷ் மொழியில் நிறுவனப் பெயரின் முதலெழுத்துகள்.

டிசி எதற்கு? ஏசியை டிரான்ஸ்பார்மரால் சுலபமாக ஏற்றலாம், இறக்கலாம். அதனால்தான் உலகமே ஏசிக்குப் போனது. ஆனால் ஏசிக்கு ஒரு பலவீனம் உண்டு. கடலடியிலோ மண்ணுக்கடியிலோ போகும் கேபிளில், நடுவில் செம்பு, சுற்றிலும் காப்பு, அதற்கு வெளியே உலோக உறை. இந்த அமைப்பே ஒரு நீண்ட மின்தேக்கி. ஏசி விநாடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறி ஓடும்போது அந்த மின்தேக்கியை நிரப்புவதும் வடிப்பதுமாகவே கேபிளின் திறன் செலவாகிவிடும். நூறு கிலோமீட்டர் நெருங்கும்போது மறுமுனைக்கு மிச்சம் அதிகமிருக்காது. டிசியில் ஒருமுறை நிரம்பினால் தீர்ந்தது. மேலே போகும் கம்பியிலும், தூரம் பல நூறு கிலோமீட்டரைத் தாண்டினால் டிசிதான் சிக்கனம்.

இது 1920களிலேயே பொறியாளர்களுக்குத் தெரியும். இல்லாதிருந்தது, பெரிய அழுத்தத்தில் ஏசியை டிசியாக மாற்றும் கருவி. கையில் இருந்தது பாதரச வால்வு. காற்று வெளியேற்றப்பட்ட கலத்தின் அடியில் பாதரசக் குட்டை. மேலே கிராஃபைட் முனை. இரண்டுக்கும் நடுவே பாதரச ஆவியில் தீப்பொறி வில்லாக எரியும். மின்னோட்டம் ஒரு திசையில்தான் போகும், சைக்கிள் டியூப் வால்வு காற்றை உள்ளே மட்டும் விடுவது போல. சில ஆயிரம் வோல்ட் வரை இது ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மேல் போனால், தடுக்க வேண்டிய நேரத்தில் வில் திடீரென்று தலைகீழாகப் பற்றிக்கொள்ளும். அந்தக் கணமே ஷார்ட் சர்க்யூட். எப்போது வரும், ஏன் வரும் என்று யாராலும் சொல்ல முடியாத வியாதி.

ஆசியா கம்பெனியில் இளம் பொறியாளராகச் சேர்ந்த ஊனோ லாம் 1929இல் இதற்கு ஒரு காப்புரிமை வாங்கினார். யோசனை எளிமையானது. மேல்முனைக்கும் பாதரசத்துக்கும் நடுவே பல உலோக வளையங்களை அடுக்கிவைத்து, வெளியே மின்தடைகளும் மின்தேக்கிகளும் கொண்டு மொத்த அழுத்தத்தையும் அந்த வளையங்களுக்குள் பங்குபோட்டுவிடுவது. எந்த ஓர் இடத்திலும் பாரம் முழுதும் விழாது.

காகிதத்தில் எளிது. அதை நம்பகமான கருவியாக்க 25 வருடம் ஆயிற்று. வளையத்தின் வடிவம், பீங்கானின் சுத்தம், கலத்துக்குள் மிஞ்சும் வாயு என்று எது பிசகினாலும் வில் தலைகீழாகப் பற்றிக்கொள்ளும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த வால்வை ஆய்வக மேசையில் சோதிக்க முடியாது. நிஜமான பெருஞ்சக்தியில் ஓட்டிப் பார்த்தால்தான் பழுது வெளிப்படும். அந்த வாய்ப்பைக் கொடுத்தது சுவீடனின் அரசு மின்நிறுவனமான வாட்டன்ஃபால். ட்ரோல்ஹெட்டன் என்ற இடத்தில் அதற்கு நீர்மின் நிலையம் இருந்தது. 1940களின் நடுவில் அங்கே சோதனைக்கூடம் எழுந்தது. பக்கத்து மெல்லெருட் வரை 50 கிலோமீட்டர் சோதனைத் தடமும் போடப்பட்டது.

லாமின் பெயர் பாடப்புத்தகத்தில் நிற்கிறது, நியாயம்தான். ஆனால் இந்தக் கதையில் எனக்கு அவரளவுக்கே முக்கியமாகப் படுவது அந்த வாடிக்கையாளர். சோதனைக்குத் தன் மின்நிலையத்தையே திறந்துவிட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் முதல் ஆர்டரையும் கொடுத்த பொதுத்துறை நிறுவனம் அது. உலகின் முதல் 380 கிலோவோல்ட் ஏசி தடத்தை 1952இல் ஓடவிட்டதும் இதே ஆசியா, வாட்டன்ஃபால் ஜோடிதான்.

முதல் ஆர்டர் கோட்லாந்து என்ற பால்டிக் தீவுக்கு. தரைநாட்டில் நீர்மின்சாரம் தாராளம். தீவிலோ அனல் மின்நிலையத்தை நம்பிய பிழைப்பு. நடுவில் 90 கிலோமீட்டருக்கு மேல் கடல். ஏசி கேபிளுக்கு வழியே இல்லை. 1954இல் வாட்டன்ஃபால் டிசி இணைப்பை ஓடவிட்டது: 100 கிலோவோல்ட், 200 ஆம்பியர், ஆக 20 மெகாவாட். போட்டது ஒரே ஒரு கேபிள். திரும்பும் பாதையாகக் கடல்நீரையே பயன்படுத்திக்கொண்டார்கள். ஜெர்மனியிலும் சோவியத் ஒன்றியத்திலும் இதற்கு முன்பே சோதனை முயற்சிகள் நடந்திருந்தன. வணிக ரீதியில் முழுமையாக ஓடிய முதல் டிசி இணைப்பு என்ற பெயர் கோட்லாந்துக்குத்தான்.

   

பாதரச வால்வு நியூசிலாந்து, கலிஃபோர்னியா என்று பல இடங்களுக்குப் போனது. ஆனால் லாமின் 25 வருட உழைப்புக்குப் போட்டியாகத் தீக்குச்சித் தலையளவுகூடத் திரவமில்லாத சிலிக்கான் வில்லை ஒன்று வந்தது. தைரிஸ்டர் என்று பெயர். ஆசியா தன் சொந்தக் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. 1970இல் அதே கோட்லாந்தில் பாதரசத்தோடு தைரிஸ்டரையும் தொடராக இணைத்து, திறனை 30 மெகாவாட்டாக உயர்த்தியது. எனக்குத் தெரிந்து இதுதான் அந்தக் கம்பெனியின் ஆகச் சாமர்த்தியமான முடிவு. நியூசிலாந்தில் பாதரச வால்வுகள் 2012 வரை தாக்குப்பிடித்தன என்பது வேறு கதை.

புகளூர் வகை நிலையத்தின் வால்வு கூடத்துக்குள் இருப்பது அந்தத் தைரிஸ்டர்களின் அடுக்குகள்தான். தரையில் நிற்பதில்லை, கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். நிலநடுக்கம் வந்தால் ஆடிவிட்டு நிற்கும், முறியாது. தூசி புகாத மூடிய கூடம், குழாய்களில் ஓடும் குளிர்விக்கும் நீர், அடுக்குகளின் மூலைகளில் மின்பொறி கிளம்பாமலிருக்க உருட்டி மழுக்கிய உலோக வளைவுகள். மின்சாரம் ஓடும்போது உள்ளே ஆள் நுழைய முடியாது. ஆடி மாதத்துக் காற்றில் நம் காற்றாலைகள் தேவைக்கு மேல் உற்பத்தி செய்தால், இதே தடத்தில் மின்சாரத்தை வடக்கே திருப்பியும் அனுப்பலாம்.

தைரிஸ்டருக்கு ஒரு குறை: எப்போது திறப்பது என்று நாம் சொல்லலாம், எப்போது மூடுவது என்று சொல்ல முடியாது. அதனால் மறுமுனையில் வலுவான ஏசி வலையமைப்பு இருந்தாக வேண்டும். இரண்டையும் நாமே தீர்மானிக்கும் டிரான்சிஸ்டர் வகை வால்வை ஏபிபி 1997இல் சுவீடனில் 10 கிலோமீட்டர் தடத்தில் ஓட்டிக் காட்டியது. இந்த முறையில் மின்சாரத்தைத் திருப்ப, பிளஸ் மைனஸை மாற்ற வேண்டியதில்லை. அதனால் பிளாஸ்டிக் காப்பு கொண்ட மலிவான கேபிள் போதும், மண்ணில் புதைக்கலாம். 1999இல் கோட்லாந்து தீவுக்குள்ளேயே 70 கிலோமீட்டருக்கு அப்படிப் புதைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் விஷயம் மறுபடி நம் ஊருக்கு வருகிறது. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட்டில் 2,000 மெகாவாட் கொண்டுபோகும் தடம் இந்தப் புதிய வகை, 2021இல் தொடங்கிவைக்கப்பட்டது. அமைத்தது சீமென்ஸ் கூட்டணி. கேரளத்துக்குள் ஒரு பகுதி சாலையோரமாகக் கேபிளில் புதைந்து போகிறது. 2018இல் கொங்கு விவசாயிகள் தென்னைக்கும் கிணற்றுக்கும் மேலே கோபுரம் வரக் கூடாதென்று போராடியபோது கேட்டது இதைத்தான்: அங்கே புதைக்க முடிகிறதென்றால் இங்கே ஏன் முடியாது?

பதில் இரண்டு துண்டாக இருக்கிறது. ராய்கர் தடத்தின் 800 கிலோவோல்ட்டுக்கு உலகில் எங்கும் புதைகேபிள் ஓடவில்லை. அங்கே கோபுரம் தவிர வழியில்லை. திருச்சூர் தடத்துக்கோ கேபிள் இருந்தது, அதே திட்டத்திலேயே வாங்கவும் பட்டது. கோபுரத்தைவிடப் பல மடங்கு செலவாகும் என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கம் கம்பி மேலேயே வந்தது.