அடுப்படியில் உயிர் பிழைத்த ஆங்கிலம்

ஆங்கிலம் என்றதும் நம் பெண்களில் பலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வங்கியில் ஒரு படிவத்தை நீட்டினால் போதும், பிள்ளையின் பாடசாலையில் அதிபர் இரண்டு வசனம் ஆங்கிலத்தில் பேசிவிட்டால் போதும், நன்றாகப் படித்த பெண்கூட ஒருகணம் தடுமாறிப் போகிறாள். சிங்களச் சகோதரர்கள் ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்று ஒரு பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். கடுவ என்றால் வாள். தெரிந்தவர் கையில் அது ஆயுதம், தெரியாதவர் கழுத்துக்கு ஆபத்து!

இந்த வாளே ஒருகாலத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது என்றால் நம்புவீர்களா? அதன் சொந்த மண்ணில் அரசன் அதைப் பேசவில்லை. நீதிமன்றத்தில் அதற்கு இடமில்லை. மாடு மேய்ப்பவனும் சமையற்காரியும் பேசும் பேச்சு என்று அது ஒதுக்கப்பட்டிருந்தது. ஓரிரு வருடங்கள் அல்ல, ஏறத்தாழ 300 ஆண்டுகள். அந்தக் காலத்தை ஆங்கிலம் எப்படித் தாண்டியது என்று தேடிப்போனால் அங்கே நமக்கு அதிகம் எதிர்ப்படுபவர்கள் பெண்கள்தான்.

வந்தேறியவர்களின் பேச்சு

ஆங்கிலம் இங்கிலாந்தில் பிறந்த மொழியல்ல. அந்தத் தீவின் பழைய குடிகள் பேசியது வேறொரு மொழி. இன்றைய வேல்ஸ் மொழி அதன் வழி வந்தது. கி.பி. 43 முதல் சுமார் 410 வரை ரோமர்கள் அங்கே ஆட்சி செய்தார்கள். அவர்கள் கைவிட்டுப் போனபின், இன்றைய வட ஜேர்மனியிலும் டென்மார்க்கிலும் வாழ்ந்த அங்கிள்கள், சக்ஸன்கள், ஜூட்டுகள் என்ற மக்கள் கடல் கடந்து வந்து குடியேறினார்கள். 731இல் இங்கிலாந்தின் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்த பீட் என்ற துறவி, இவர்களுடைய வருகையை 449ஆம் ஆண்டை ஒட்டிச் சொல்கிறார். ஒரே நாளில் நடந்த வருகையல்ல அது. பல தலைமுறைகளாகத் தொடர்ந்தது. அங்கிள்களின் பெயரிலிருந்துதான் 'இங்கிலிஷ்', 'இங்லண்ட்' என்ற இரண்டு பெயர்களும் வந்தன.

வந்தவர்கள் பழைய குடிகளை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் தெரியுமா? 'வேல்' என்றார்கள். அந்நியர் என்று பொருள். இன்றைய 'வெல்ஷ்' அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். சொந்த மண்ணில் இருந்தவர்களுக்கே அந்நியர் என்ற பெயர்! போகப்போக அச்சொல்லுக்கு அடிமை என்ற பொருளும் சேர்ந்தது.

பாண் பிசைந்தவளே சீமாட்டி

அந்தப் பழைய ஆங்கிலத்தை இன்றைய ஆங்கிலேயருக்கு வாசித்துக் காட்டினால் ஒரு வரிகூட விளங்காது. ஆனால் வீட்டுக்குள் புழங்கிய சொற்கள் பல உருமாறி இன்னும் இருக்கின்றன. அவற்றில் மூன்று, பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை.

பாணுக்கு அன்றைய சொல் 'ஹ்லாஃப்'. இன்று 'லோஃப்' என்கிறோம். வீட்டுத் தலைவனை 'ஹ்லாஃப்வியர்ட்' என்றார்கள். பாணைக் காப்பவன் என்று பொருள். அது தேய்ந்து தேய்ந்து 'லோட்' ஆயிற்று. வீட்டுத் தலைவி 'ஹ்லாஃப்டியே', அதாவது பாண் பிசைபவள். அவள்தான் இன்றைய 'லேடி'. அந்த வீட்டின் வேலையாளுக்கு 'பாண் தின்பவன்' என்று பெயர். ஒரு வீட்டின் அதிகாரம் முழுவதும் ஒரு றாத்தல் பாணுக்குள் அடங்கியிருந்தது! மாவிலே கைபடாதவள்தான் 'லேடி' என்று பின்னாளில் ஆகிப்போனது வேறு கதை.

'வைஃப்' என்பதற்கு ஆரம்பத்தில் மனைவி என்ற கட்டாயப் பொருள் கிடையாது. பெண் என்பதே அதன் பொருள். நம் தாய்சேய் கிளினிக்குகளில் 'மிட்வைஃப்' என்கிறோமே, அதில் 'மிட்' என்றால் 'கூட', 'உடன்'. பிரசவ வேளையில் கூட இருக்கும் பெண் என்பதே அந்தப் பெயரின் நேர்ப்பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர்! 'கேர்ள்' என்ற சொல்லோ 1300 அளவில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருவருக்கும் பொதுவாக வழங்கியது.

மாட்டுக்காரனும் மடத்துத் தலைவியும்

597இல் கிறிஸ்தவத் துறவிகள் ரோமிலிருந்து கெண்ட் நாட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு முன்பே அங்கே ஒரு கிறிஸ்தவப் பெண் இருந்தாள். பிராங்கிய நாட்டிலிருந்து மணமுடித்து வந்த அரசி பேர்த்தா. அவளுடைய கணவன் எதல்பர்ட் அரசன் தன் சட்டங்களை இலத்தீனில் எழுதுவிக்காமல் தன் மக்களின் மொழியிலேயே எழுதுவித்தான். பல் உடைந்தால் இவ்வளவு, விரல் போனால் இவ்வளவு, நகம் பெயர்ந்தால் இவ்வளவு என்று நட்டஈட்டைக் கணக்கிடும் அந்தச் சட்டத் தொகுப்புத்தான் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆங்கில நூல்.

சட்டம் அப்படி. கவிதை? அதற்கு இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்குப் போகவேண்டும். விற்பி என்று இன்று அழைக்கப்படும் இடத்தில் 657இல் ஒரு மடம் தொடங்கப்பட்டது. ஆண்களும் பெண்களும் துறவிகளாக வாழ்ந்த அந்த மடத்தின் தலைவி ஹில்ட் என்ற பெண். அரசர்கள் அவளிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். அவளிடம் பயின்ற ஐந்து ஆண்கள் ஆயர்களானார்கள். 664இல் இங்கிலாந்துத் திருச்சபையின் போக்கையே மாற்றிய மாநாடு அவளுடைய மடத்தில்தான் கூடியது.

அந்த மடத்தில் கேட்மன் என்றொரு மாட்டுக்காரன் இருந்தான். விருந்துகளில் யாழைக் கைமாற்றி ஆளுக்கொரு பாட்டுப் பாடுவது அவர்கள் வழக்கம். யாழ் தன் பக்கம் நெருங்குவதைக் கண்டால் கேட்மன் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவான். அவனுக்குப் பாட வராது. ஓரிரவு அப்படிப் போய்ப் படுத்தவனின் கனவில் ஒருவர் வந்து, பாடு என்றார். உலகம் படைக்கப்பட்டதைப் பற்றி அவன் கனவிலேயே பாடினான். விடிந்ததும் அந்தப் பாட்டு நினைவில் இருந்தது. மேற்பார்வையாளன் அவனை ஹில்டிடம் அழைத்துப் போனான்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கவேண்டும். எழுத்தறியாத ஒரு கூலியாள் கனவு கண்டேன் என்று வந்து நின்றால் எத்தனை பேர் செவிகொடுப்பார்கள்? ஹில்ட் செவிகொடுத்தாள். கற்றவர்களைக் கூட்டிவைத்து அவனைப் பாடச் செய்தாள். இன்னொரு பொருளைக் கொடுத்துப் பாடும்படி சொல்லிச் சோதித்தாள். அவன் மறுநாள் பாட்டோடு வந்தான். மாட்டுத் தொழுவத்திலிருந்து அவனை எடுத்து மடத்தில் சேர்த்துக்கொண்டாள். வேதக் கதைகளை மற்றவர்கள் சொல்லிக் கொடுக்க, அவன் தாய்மொழியில் பாட்டாக்கினான். பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞன் என்று இன்று உலகம் கேட்மனைக் கொண்டாடுகிறது. முதல் பாட்டில் எஞ்சியிருப்பவை ஒன்பதே வரிகள். கதையைப் பீட் எழுதிவைத்தார். ஆனால் அந்த மாட்டுக்காரனைத் திருப்பி அனுப்பாத பெண் இல்லாவிட்டால் எழுதிவைக்க எதுவும் இருந்திராது.

வைக்கிங்குகள் 793 முதல் கடல்வழியே வந்து மடங்களைச் சூறையாடினார்கள். பின்னர் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறிவிட்டார்கள். 871 முதல் 899 வரை ஆண்ட அல்பிரட் அரசன் அவர்களைத் தடுத்து நிறுத்தியதோடு, இலத்தீன் நூல்களை ஆங்கிலத்துக்கு மாற்றும் பெரும் பணியையும் தொடங்கினான். அந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது? சிறுவயதில் தாய் ஒரு பாட்டுப் புத்தகத்தைக் காட்டி, பிள்ளைகளில் முதலில் கற்றுக்கொள்பவருக்கு இது பரிசு என்றாளாம். கடைக்குட்டி அல்பிரட் ஆசிரியரிடம் போய்ப் பாட்டுகளை வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்து வந்து பரிசைத் தட்டிக்கொண்டான். அவனுடைய வரலாற்றை எழுதிய அசர் சொல்லும் சம்பவம் இது.

வைக்கிங்குகளோடு பெண்கொடுத்துப் பெண்ணெடுத்ததில் அவர்கள் சொற்களும் வீட்டுக்குள் வந்தன. 'ஹஸ்பண்ட்' அவர்களுடையது, வீட்டுக்குரியவன் என்று பொருள். 'விண்டோ' என்றால் காற்றின் கண். அவர்கள் என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'தே' கூட அவர்களிடமிருந்து வந்ததே. நம் வீடுகளையும் ஒருதடவை சுற்றிப் பாருங்கள். குசினி, மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை அல்லவா!

சபையில் பிரெஞ்சு, தொட்டிலில் ஆங்கிலம்

1066 ஒக்டோபரில் நோர்மண்டியின் வில்லியம் ஹேஸ்ட்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரசனானான். பழைய பிரபுக்களின் நிலங்கள் கைமாறின. அரசவை பிரெஞ்சு பேசியது, பதிவேடுகள் இலத்தீனில் எழுதப்பட்டன. பீற்றர்பரோ மடத்தில் மட்டும் ஆங்கிலத்தில் வருடாந்தக் குறிப்பு எழுதிவந்தார்கள். அதுவும் 1154உடன் நின்றுபோயிற்று. பண்ணையில் வளரும் பசு ஆங்கிலத்தில் 'கௌ'. பிரெஞ்சுக்காரர் தந்த 'பீஃப்' அதன் இறைச்சி. 'ஷீப்' ஆடு, 'மட்டன்' இறைச்சி. இந்தப் பாகுபாடு ஓர் இரவில் உறுதிப்பட்டதல்ல. நெடுங்காலம் இரண்டும் கலந்தே வழங்கின. ஆனாலும் வளர்த்தவர் யார், உண்டவர் யார் என்பதை அந்தச் சொற்கள் இன்னும் காட்டிக்கொடுக்கின்றன.

எழுத்தில் ஒதுங்கிப்போன மொழி வீட்டில் ஒதுங்கவில்லை. வந்தவர்களில் பலர் ஆங்கிலப் பெண்களை மணந்தார்கள். பால் கொடுத்த செவிலித்தாயும் தாலாட்டியவளும் சமைத்துப் போட்டவளும் ஆங்கிலம் பேசினார்கள். பிள்ளை எந்த மொழியில் அழக் கற்கும்? போர் முடிந்து நூறு ஆண்டு கழிந்ததும், 1170களின் இறுதியில், அரச திறைசேரியின் அதிகாரி ஒருவர் எழுதுகிறார்: இரு இனத்தாரும் மணவுறவால் கலந்துவிட்டதால், அடிமைகள் தவிர்ந்த மற்றவர்களில் யார் ஆங்கிலேயர், யார் நோர்மானியர் என்று இப்போது பிரித்தறிய முடிவதில்லையாம். 1204இல் நோர்மண்டியே அரசனின் கையைவிட்டுப் போனது.

இதற்கெல்லாம் அழகான சாட்சி ஒரு பாடப்புத்தகம். 13ஆம் நூற்றாண்டில் டயனீசியா என்ற பிரபுகுலப் பெண்ணுக்காக, அவள் தன் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கும் பொருட்டு, பிபஸ்வேர்த் ஊர் வோல்டர் எழுதியது அது. பிரெஞ்சில் உதடு, முயல், புத்தகம், பணத்தின் இறாத்தல் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஓசையில் வரும். குழம்பாதே என்று சொல்லித் தருகிறார். மா பிசைதல், சணல் நூற்றல் எல்லாம் வருகின்றன. வரிகளுக்கு இடையே பொருள் எழுதியிருக்கிறது. எந்த மொழியில்? ஆங்கிலத்தில்! பிரபுக்களின் பிள்ளைகளே பிரெஞ்சைப் புத்தகம் வைத்துப் படிக்க வேண்டியதாகிவிட்டது. தொட்டிலில் வந்த மொழி வேறாக இருந்தது.

அதே நூற்றாண்டின் முற்பகுதியில், சிறு அறைகளுக்குள் தனித்து வாழ்ந்த மூன்று துறவிச் சகோதரிகளுக்கு ஒரு வழிகாட்டி நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அவர்கள் பூனையைத் தவிர வேறு பிராணி வளர்க்கக்கூடாது என்பதுகூட அதில் இருக்கிறது. இலத்தீன் படிக்காத பெண்களுக்கு எழுதவேண்டி வந்ததனால், ஆண்கள் ஆங்கிலத்தில் நல்ல உரைநடை எழுதப் பழகினார்கள் என்றே சொல்லவேண்டும்.

அதன்பின் மாற்றம் வேகமாக வந்தது. 1348இல் வந்த பெருங்கொள்ளைநோய் பெருந்தொகையானோரைக் கொண்டுபோனது. 1362இல் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டுமென்று சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டது! 1385இல் பாடசாலைகள் பிரெஞ்சைக் கைவிட்டு ஆங்கிலத்தில் கற்பிப்பதாக ஜோன் ட்ரவீசா குறிப்பிடுகிறார். நொரிச் நகரத்து ஜூலியன் 1373இல் தான் கண்ட காட்சிகளைப் பற்றி எழுதிய நூல்தான், ஒரு பெண் எழுதியதென்று நாம் அறிந்த ஆங்கில நூல்களில் முதலாவது. 14 பிள்ளைகளைப் பெற்ற மார்ஜரி கெம்ப், 1430களில் தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். ஆங்கிலத்தின் முதல் சுயசரிதை என்று சொல்லப்படும் அதன் முழுக் கையெழுத்துப்படி ஒரு குடும்பத்தின் வீட்டிலிருந்து 1934இல்தான் வெளிவந்தது.

முட்டை கேட்ட வியாபாரி

அச்சு யந்திரம் வந்தபோதும் ஒரு பெண் குறுக்கிட்டாள். வில்லியம் கக்ஸ்டன் என்ற வணிகர் ஒரு பிரெஞ்சுக் கதையை மொழிபெயர்க்கத் தொடங்கி, நம்மால் ஆகாது என்று சில பக்கங்களோடு போட்டுவிட்டார். இங்கிலாந்து அரசனின் சகோதரியும் பர்கண்டியின் கோமகளுமான மார்கரட் அதைப் பார்த்து, ஆங்கிலத்தில் பிழைகளைச் சுட்டிக்காட்டி, திருத்தி முடிக்கும்படி கட்டளையிட்டாள். 1473-74 அளவில் வெளிவந்த அந்த நூல்தான் ஆங்கிலத்தில் அச்சான முதல் புத்தகம்.

அதே கக்ஸ்டன் 1490இல் ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவம் சொல்கிறார். தேம்ஸ் நதி வழியே புறப்பட்ட வணிகர்களின் கப்பல் காற்றில்லாமல் நின்றுவிட்டது. ஷெஃபீல்ட் என்ற துணி வியாபாரி கரையிறங்கி ஒரு வீட்டுக்குப் போய், சாப்பிட 'எக்ஸ்' இருக்கிறதா என்று கேட்டார். வீட்டுக்காரி, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். வியாபாரிக்குக் கோபம். அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே! பக்கத்திலிருந்தவர் 'எய்ரன்' கேட்கிறார் என்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது. வியாபாரியின் பெயரை எழுதிய கக்ஸ்டன் அவளுடைய பெயரை எழுதவில்லை.

உண்மையில் அவள் பேசியதுதான் பழைய ஆங்கிலம். 'எய்ரன்' அங்கிள்களும் சக்ஸன்களும் கொண்டுவந்த சொல்லின் வழிவந்தது. வியாபாரி கேட்ட 'எக்ஸ்', வைக்கிங்குகளோடு வந்து வடக்கிலிருந்து மெல்லத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. எந்தச் சொல்லை எழுதுவது, 'எக்ஸ்' என்பதா 'எய்ரன்' என்பதா என்று கக்ஸ்டன் அந்த முன்னுரையிலேயே அங்கலாய்க்கிறார். இன்று இங்கிலாந்தின் எந்தக் கடையிலும் 'எய்ரன்' கேட்டால் கிடைக்காது.