பள்ளி மனநல ஆலோசகர்களுக்கு வழிகாட்டுவது யார்?

புது தில்லி: நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25-ஆம் தேதி உத்தரவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குத் தயாராகி வந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு பிறப்பித்த 15 வழிகாட்டுதல்களில் இதுவும் ஒன்று.

நியமனம் பற்றிப் பேசப்படும் அளவுக்கு, நியமிக்கப்படுபவருக்கான தொழில்முறை மேற்பார்வை பற்றிப் பேசப்படுவதில்லை. மேற்பார்வை என்றதும் வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கும் அதிகாரியே நினைவுக்கு வருகிறார். இங்கு அதன் பொருள் வேறு. அனுபவமிக்க மூத்த ஆலோசகர் ஒருவரை மாதந்தோறும் சந்தித்து, மாணவரின் அடையாளத்தை வெளியிடாமல், கையாளும் பிரச்னைகளையும் தமது தயக்கங்களையும் விவாதிப்பதே அது.

இதன் தேவையை ஓர் உதாரணம் விளக்கும். உறவினரால் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகக் கூறும் ஒன்பதாம் வகுப்பு மாணவி, "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று கெஞ்சுகிறார். போக்ஸோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி ஆலோசகர் காவல் துறைக்குத் தகவல் அளித்தே ஆக வேண்டும். தவறினால் 21-ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதங்கள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். ஆனால், அதை அந்தச் சிறுமிக்கு எப்படிப் புரியவைப்பது, குடும்பத்தினரை எப்படி எதிர்கொள்வது என்பதைச் சட்டம் சொல்வதில்லை. பள்ளியின் பெயர் கெட்டுவிடுமோ எனக் கவலைப்படும் தலைமையாசிரியரிடம் இதை மனம்விட்டு விவாதிப்பதும் எளிதல்ல.

பிறரின் துயரத்தைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கே தூக்கமின்மை, பதற்றம், உணர்வு மரத்துப்போதல் ஆகியவை ஏற்படக்கூடும். அந்த நிலையில், உதவி தேடி வரும் அடுத்த மாணவரின் ஆபத்தை அவர்கள் கவனிக்கத் தவறலாம். 2020-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தின்கீழ் நலத் தூதர்களாகச் செயல்படும் ஆசிரியர்களோ, பாடம் நடத்துவதற்கு இடையே இப்பொறுப்பையும் சுமக்கின்றனர்.

பிரிட்டனின் ஆலோசனை மற்றும் உளசிகிச்சை சங்கம், பணியில் உள்ள உறுப்பினர்கள் மாதத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் மேற்பார்வை பெற வேண்டும் என வலியுறுத்துகிறது. இந்தியப் பள்ளி ஆலோசகர்கள் அனைவருக்கும் பொருந்தும் அத்தகைய பொது விதி இல்லை. அருகருகே உள்ள சில பள்ளிகள் இணைந்து ஒரு மூத்த உளவியலாளரை அமர்த்திக்கொண்டால் செலவு பெரிதாகாது. அந்த நேரம் பணி நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும்.

24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் உதவி எண்ணை (14416) பள்ளிப் பணியாளர்களும் அழைக்கலாம். ஆனால், அது நெருக்கடி நேரத்துக்கான உதவி. மாதாந்திரச் சந்திப்புக்கு மாற்றாகாது.