ஏழு நொடிச் சான்று

1982இல் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில், 50 வாக்குச் சாவடிகளில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாக வைக்கப்பெற்றது. சட்டத்தில் அதற்கு இடமில்லையென்று கண்ட உச்ச நீதிமன்றம், 1984இல் அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்தப் பணித்தது. பின்னர்ச் சட்டம் திருத்தப்பெற்றது. 2004 மக்களவைத் தேர்தல் முழுவதும் இயந்திரத்திலேயே நடந்தது.

இயந்திரம் பிழையற்றது என்று சொன்னால் மட்டும் போதுமா? தோற்றவரும் ஒப்பத்தக்க சான்று வேண்டுமன்றோ? காகிதச் சான்று இன்றியமையாதது என 2013இல் நீதிமன்றம் தெளிவுறுத்தியது. இன்று சின்னம் பொறித்த சீட்டு, கண்ணாடிக்குப்பின் 7 நொடி தோன்றிப் பெட்டியில் விழுகிறது. சட்டமன்றத் தொகுதிதோறும் 5 இயந்திரங்களின் சீட்டுகள் எண்ணி ஒப்பிடப்பெறுகின்றன.

அன்பர்களே! அயலூரில் வாழும் நமக்கு அவ்வூர் எழுத்து புரியாவிடினும் சின்னம் புரியும். பொத்தானை அழுத்தியதும் திரும்பிவிடாது, அவ்வேழு நொடியும் நின்று நோக்குவோமாக.