முதல் சைக்கிளுக்கு எந்தப் பெயர்?

இரு சக்கரச் சரித்திரம் – 9

சைக்கிள் நம் தேசத்துக்கு வந்து சேர்ந்த வரலாற்றைச் சென்ற வாரங்களில் ஒருவாறு பார்த்து முடித்தோம். இனி அது நம் வீட்டு வாசலுக்கு வரவேண்டிய விதத்தைப் பற்றிப் பேசவேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஷிப்டு மாறும் வேளையிலே, கம்பெனி பஸ்களும், கன்டெய்னர் லாரிகளும், புதுக் கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க, மாத்தூரிலும் வல்லத்திலும் வாடகை அறைகளில் தங்கி வேலைக்குப் போகும் இளைஞர்கள் சாலையின் ஓரமாகச் சைக்கிள் மிதித்துச் செல்வதை யாரும் காணலாம். இவர்களைப் போலத் தாமும் ஒரு வண்டி வாங்கிக்கொள்ள வேண்டுமென்று விரும்புகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்கும் கேள்வி, “எந்தக் கம்பெனி வண்டி நல்லது?” என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்கு என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாம் தினமும் போய்வரும் சாலையிலே பஞ்சர் ஒட்டுகிறவரிடம் எந்த வண்டிக்கு உரிய சாமான்கள் எப்போதும் இருக்கின்றனவோ, அந்த வண்டியே புதியவருக்கு உத்தமமான வண்டி. இந்த முடிவுக்கு என்ன காரணம் என்பதையே இந்த வாரம் விளக்க எண்ணுகிறேன்.

மோட்டார் வாகனங்கள் பிறக்கும் இந்த வட்டாரத்தில் சைக்கிளுக்கு என்ன மதிப்பு இருக்கப்போகிறது என்று எண்ணுகிறவர்கள், இங்குள்ள பெரிய ஸ்தாபனங்கள் சிலவற்றின் பூர்வ சரித்திரத்தை அறிந்துகொள்வது நல்லது. ஒரகடத்தில் 2013-லும் வல்லம் வடகாலில் 2017-லும் உற்பத்தியைத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலே சைக்கிள் செய்யும் ஸ்தாபனமாகவே வளர்ந்தது. அதன் முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல்தான் வெளிவந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார்கள் வெளிவந்த 1998-ஆம் ஆண்டிலேயே அந்த ஸ்தாபனம் கொரியாவில் தன்வசப்படுத்திக்கொண்ட கியா, 1944-ல் சைக்கிள் பாகங்கள் செய்யும் தொழிற்கூடமாகப் பிறந்து, 1952-ல் அந்நாட்டின் முதல் சுதேசி சைக்கிளைச் செய்து தந்த கம்பெனி. வல்லம் வடகாலில் ஆலை வைத்திருக்கும் யமஹா, மிதிப்பவரின் காலுக்கு மின்மோட்டார் துணைசெய்யும் சைக்கிளை 1993-ல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரகடத்து அப்போலோ ஆலையிலிருந்து வெளிவரும் டயர்களுக்கும் மூலம் எது என்று தேடிச்சென்றால், பெல்ஃபாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் செய்து 1888-ல் அதற்குக் காப்புரிமை பெற்ற செய்தியில் போய் முடியும். ஆகவே இந்தச் சாலையில் சைக்கிளில் போகிறவர், தம்மைக் கடந்து விரையும் வாகனங்களுக்கெல்லாம் மூத்த குலத்தைச் சேர்ந்த வண்டியிலே போகிறார்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். சென்னைக்கு மிகவும் நெருக்கமானவை ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற இரண்டும். பர்மிங்காமில் தோன்றிய இப்பெயர்கள், முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஸ்தாபனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949-ல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் வாயிலாக நம்முடையவை ஆயின. அம்பத்தூரில் சைக்கிள்; ஆவடியில் 1955 முதல் எஃகுக் குழாய்; 1960-லிருந்து அம்பத்தூரிலேயே செயின்; இவ்வாறு ஒரு வண்டிக்கு வேண்டிய அங்கங்கள் ஒவ்வொன்றாக இந்த மண்ணிலேயே உருவாகத் தொடங்கின. வடக்கே, தேசப் பிரிவினைக்கு முன் கமாலியாவிலிருந்து புறப்பட்டு வந்த முஞ்சால் சகோதரர்கள், லூதியானாவில் உதிரிப் பாகங்கள் செய்து பழகிய பிறகு, 1956-ல் ஹீரோ சைக்கிளைத் தொடங்கினார்கள். முப்பதே ஆண்டுகளில், 1986-ல், உலகிலேயே மிக அதிகமாகச் சைக்கிள் செய்யும் ஸ்தாபனம் என்று கின்னஸ் புத்தகத்தில் அது இடம்பெற்றது. ஏவானும் லூதியானாவைச் சேர்ந்ததே. அரியானாவின் சோனிபத்தில் 1951-ல் தோன்றிய அட்லஸ், பல தலைமுறைகளுக்குச் சைக்கிளுக்கே மறுபெயராக விளங்கிற்று.

அட்லஸின் கதையில் புதியவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. தில்லியை அடுத்த சாகிபாபாத்தில் இருந்த அதன் ஆலை 2020 ஜூன் 3-ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தியை நிறுத்திற்று. அத்தனை பெரிய பெயருக்கே அந்தக் கதி நேருமானால், பெயரை மட்டும் நம்பி வண்டி வாங்குவது எப்படி ஸ்திரமாகும்? ஆயினும் நம் கிராமங்களில் பழைய அட்லஸ் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அந்தக் கருப்பு வண்டியின் கப்பு, கோன், பால்ரஸ், காட்டர் பின், பெடல், ஃபிரீவீல், டயர், டியூப் ஆகியவை பெரும்பாலும் ஹீரோவுக்கும் ஏவானுக்கும் ஹெர்குலிஸுக்கும் பொதுவான அளவிலேயே செய்யப்படுவதால், ஒரு கம்பெனி ஓய்ந்தாலும் மற்றவற்றுக்காகச் செய்யப்படும் பாகங்கள் அதன் வண்டியைக் காப்பாற்றிவிடுகின்றன. செய்தவர் கைவிட்ட பிறகும் ஒரு பொருள் சாமான்யனுக்கு உழைக்க வேண்டுமானால், அதன் அளவுகள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவேண்டும். சைக்கிளின் தர்மம் இது என்றே நான் கருதுகிறேன்.

பொது அளவை அறிந்துகொள்ள எளிய வழி, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிப்பது. 28 அங்குலம் என்று வழங்கும் பழைய கருப்பு வண்டியின் டயர் 635 மில்லிமீட்டர் ரிம்மில் உட்காருவது. 700சி என்று குறிக்கப்படும், சாலை வண்டியும் மலைவண்டியும் கலந்த நவீன ஹைபிரிட் வண்டியின் ரிம் 622. 26 அங்குல மலைவண்டி மாதிரிக்கு 559. பார்வைக்கு அருகருகாகத் தோன்றும் இந்த அளவுகளில் ஒன்றுக்கு உரிய டயர் மற்றொன்றுக்குச் சேராது. ஆகையால் வண்டியின் விலையைக் கேட்பதற்கு முன்பே, நம் தெருக் கடையில் எந்த அளவு டயர் மாட்டித் தொங்குகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். காற்றடைக்கும் வால்வையும் அப்படியே பார்க்கவேண்டும். சிறு ரப்பர் குழாய் செருகிய பழைய வால்டியூப் எந்தச் சைக்கிள் கடைக்கும் ஏற்றது; மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்றடைத்துக்கொள்ளலாம்; ரேஸ் வண்டிகளுக்குரிய மெல்லிய வால்வுக்கோ தனி அடாப்டரோ தனிப் பம்போ கையோடு வைத்திருக்க வேண்டும்.

இனி, யாருக்கு எந்த வண்டி? அறையிலிருந்து தொழிற்சாலைக்கு நாள் தவறாமல் போய்வர வேண்டியவர்களுக்கு, ஹெர்குலிஸ், ஹீரோ, ஏவான் ஆகிய மூன்றில் எதுவாயினும், கியர் இல்லாத சாதாரண வண்டியையே சிபாரிசு செய்வேன். ஏரிகள் சூழ்ந்த இந்தச் சமவெளியில் கியரை நாடவேண்டிய ஏற்றம் மேம்பாலங்களைத் தவிர வேறில்லை. முழு மட்கார்டும், செயினை மூடும் கவரும், சாப்பாட்டுப் பை வைக்கக் கேரியரும் அவசியம். இருபது கிலோவை ஒட்டிய கனம் சற்றுச் சிரமமாகத் தோன்றினும், பாரம் தாங்குவதற்கு அதுவே துணை. ஆனால் பளபளக்கும் எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வேகத்தை முன்கூட்டியே தணித்துக்கொள்ள வேண்டும், அல்லது அலுமினிய ரிம் பூட்டிய வண்டியாகப் பார்த்து வாங்கவேண்டும்.

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள மின்னணு ஆலைகளில் வேலைசெய்யும் பெண்களுள், இளமையில் சைக்கிள் பழக வாய்ப்புக் கிடைக்காதவர்கள் இருப்பார்கள். வயது வந்த பிறகு பழகுவதில் லஜ்ஜைப்பட ஒன்றுமில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு, தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் அதிலேயே ஏற்றிச் சென்ற செய்தி நம் காலத்துச் சமூக சரித்திரத்தில் ஒரு முக்கியமான அத்தியாயம். புதிதாகப் பழகும் பெண்களுக்குக் குறுக்குக் கம்பி தாழ்ந்த பி.எஸ்.ஏ. லேடிபேர்டு, ஹீரோ மிஸ் இந்தியா போன்ற வண்டிகள் உகந்தவை. பெடல்களைக் கழற்றிவிட்டு, இரு பாதங்களும் தரையில் நன்றாகப் படியும்படி சீட்டைத் தாழ்த்தி, தரையை உந்தி உந்திச் சற்று உருளவிட்டுப் பழகினால், சமநிலை தானாகவே கைகூடும்; பெடலைப் பிறகு பூட்டிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லக்கோட்டை முருகன் கோயில் வரைக்கும், ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் சரீர சுகத்துக்காகவும் மனோற்சாகத்துக்காகவும் பிரயாணம் செய்ய விரும்புகிறவர்கள், டி.ஐ.யின் மான்ட்ரா, 2015-ல் ஹீரோ வாங்கிய ஃபயர்ஃபாக்ஸ், டெக்காத்லான் கடைகளின் சொந்த வண்டிகள் ஆகியவற்றில் 700சி சக்கரமுள்ள, ஷாக் இல்லாத எளிய ஹைபிரிட் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பழுது வந்தால் சாலையோரக் கடை எல்லாவற்றுக்கும் போதாது, கம்பெனிக் கடைக்கே போகநேரும் என்பதை அறிந்து வாங்கவேண்டும். முன்னும் பின்னும் ஷாக் வைத்து, தடித்த டயர் மாட்டி, மலிவு விலையில் கண்ணைப் பறிக்கும் வண்டிகளைப் புதியவர்கள் அறவே தவிர்க்கவேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். அவற்றில் மிதிக்கும் பலத்தின் ஒரு பகுதி ஷாக் அமுங்குவதிலேயே வீணாகிறது.

புதிது வாங்க வசதியில்லாதவர்கள் மனம் தளரவேண்டாம். தமிழக அரசு 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, 2005-06 முதல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விரிவாக்கிய இலவச சைக்கிள் திட்டத்தின் பயனாக, உபயோகமின்றிச் சுவரில் சாய்ந்திருக்கும் நல்ல வண்டி பல வீடுகளில் உண்டு. அதை ஓவராயிலிங் செய்து, டயரையும் பிரேக் கட்டையையும் மாற்றிக்கொண்டால் அதுவே சிறந்த முதல் சைக்கிள் ஆகிவிடும்.

கம்பெனி எதுவானாலும், பெரும்பாலான வண்டிகள் பாதி பூட்டிய நிலையிலேயே கடைக்கு வருகின்றன. அவற்றை முழு வண்டியாக்குவது கடைக்காரரின் கை. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் கோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இரு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். சீட்டில் அமர்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அதுவே சரியான உயரம். ஒரு மாதம் ஓட்டியபின் அதே கடைக்குப் போய் ஸ்போக்ஸையும் நட்டுகளையும் முடுக்கிக்கொண்டு வாருங்கள். இரவு ஷிப்டுக்காரர்கள் முன்விளக்கும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் இன்றிச் சாலையில் இறங்கலாகாது. சைக்கிளின் ஒளி பிரதிபலிக்கும் வில்லைகள் தர நிர்ணயத்துக்கு உட்பட்டிருக்க வேண்டுமென்று மத்திய அரசு 2020-ல் ஆணை பிறப்பித்திருக்கிறது. அவை முன்னும் பின்னும் பெடலிலும் சக்கரத்திலும் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குவது நம் உரிமை.

ஆகவே பெயரைக் கேளுங்கள். அதோடு டயர் அளவையும், பூட்டித் தருகிறவரின் கைத்திறனையும், பழுது பார்க்கிறவரின் அருகாமையையும் சேர்த்துக் கேளுங்கள். இந்நான்கும் ஒத்துவந்தால் ஹெர்குலிஸானால் என்ன, ஹீரோவானால் என்ன, ஏவானானால் என்ன, தயங்காமல் வாங்கலாம். நாட்டுக்கெல்லாம் வாகனம் செய்து அனுப்பும் தொழிலாளி, தம் உடலுக்கும் வருமானத்துக்கும் பொருந்திய ஒரு நல்ல வண்டியில், பயமின்றி வேலைக்குப் போய்வர வேண்டும். அதற்கு வேண்டிய அறிவு விலைகொடுத்து வாங்கவேண்டிய ஒன்றல்ல, கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியதே.

அடுத்த வாரம்: பஞ்சர் கடைக்காரரின் கைத்தொழில்