தொண்ணூறு நாள் கணக்கு

மகளின் பிரசவத்துக்காக ஜெர்மனி செல்லும் பெற்றோர், திரும்பும் தேதியைத் தீர்மானிப்பதில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். ஜெர்மனி உள்பட 29 நாடுகள் அடங்கிய ஷெங்கன் பகுதிக்குள் ஒரே விசாவில் நாடு விட்டு நாடு ரயிலேறலாம். எல்லை இல்லாததால் கணக்கும் இல்லை என்றாகிவிடாது.

எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றில் 90 நாள்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பது குறுகிய கால விசாவின் விதி. ஜெர்மனியில் 90, பிரான்ஸில் 90 எனத் தனிக்கணக்கு கிடையாது. புத்தாண்டில் கணக்கு புதிதாகத் தொடங்குவதும் இல்லை; தங்கும் ஒவ்வொரு நாளிலும், அந்த நாளையும் சேர்த்து 180 நாள்களைப் பின்னோக்கி எண்ண வேண்டும். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் இதில் அடக்கம்.

விசாவில் இரு தேதிகள் இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட காலம் முழுவதும் தங்கலாம் என்று பொருளல்ல. அதிலேயே குறித்துள்ள நாள்களின் எண்ணிக்கையே வரம்பு. ஒருமுறை நுழைவு விசாவுடன் இடையில் லண்டனை எட்டிப் பார்த்தால் பாரிஸ் திரும்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்தும்கூட ஷெங்கனுக்கு வெளியேதான்.

முன்பு அதிகாரி கடவுச்சீட்டின் முத்திரைகளைத் தேடி எண்ணினார். 2025 அக்டோபரில் தொடங்கிய மின்னணுப் பதிவு முறை அதைத் தானே எண்ணிவிடுகிறது. மிகுந்த நாள்களுக்கு அபராதமோ நுழைவுத் தடையோ வரலாம். பேரக்குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு விசா கேட்கும்போதும் அந்தப் பதிவு அங்கே இருக்கும்.