சுழலும் ஸ்பீக்கர்
இசைக்கருவிகளின் உள்ளே – 14

ஹேமண்ட் ஆர்கனுக்குள் பல் வெட்டிய இரும்புச் சக்கரங்கள் காந்தத்தின் அருகே சுழன்று ஸ்வரங்களை உண்டாக்குவதைச் சென்ற வாரம் பார்த்தோம். சிகாகோவில் கடிகாரத் தொழில் நடத்திவந்த லாரன்ஸ் ஹேமண்ட் 1935-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தக் கருவிக்குச் சுருதி கலைவதே கிடையாது. மின்சாரக் கடிகாரத்தை ஓட்டும் அதே வகை மோட்டார்தான் சக்கரங்களையும் ஓட்டுகிறது. மின்சாரத்தின் அதிர்வெண் மாறாதவரை ஸ்வரமும் மாறாது.

அந்த உறுதிதான் அதன் குறையும். கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே அளவு ஒலி. கையை எடுக்கும்வரை நாதம் கொஞ்சமும் அசையாது. பெரிய தேவாலயங்களில் உள்ள குழல் ஆர்கனில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிக் குழல் உண்டு. ஒரு ஸ்வரம் இடப்பக்கமிருந்தும் அடுத்தது வலக்கோடியிலிருந்தும் வரும். ஹேமண்டில் எல்லாமே ஒரே பெட்டியிலிருந்து வந்தன.

இந்தக் குறையைக் காதால் கண்டுபிடித்தவர் டான் லெஸ்லி. லாஸ் ஏஞ்சல்ஸில் ரேடியோ பழுதுபார்ப்பவராக இருந்தார். விசாலமான விற்பனைக்கூடத்தில் கேட்டபோது பிடித்துப்போன ஹேமண்ட் ஆர்கன், வாங்கி வந்து வீட்டு அறையில் வைத்ததும் உயிரற்று ஒலித்தது. அந்தக் கூடத்தின் எதிரொலி இங்கே இல்லை. அறையைப் பெரிதாக்க முடியாது. ஒலி வரும் இடத்தை நகர்த்த முடியுமே என்று அவர் யோசித்தார். பல சோதனைகளுக்குப் பிறகு 1940-களின் தொடக்கத்தில் சுழலும் ஸ்பீக்கர் பெட்டி உருவானது.

பெயர் அப்படி இருந்தாலும் உள்ளே ஸ்பீக்கர் சுழல்வதில்லை. பிற்காலத்தில் புகழ்பெற்ற 122 என்ற மாடலின் பின்பலகையைக் கழற்றினால் இது தெரியும். 800 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி மேல்தட்டில் உள்ள ஒரு கொம்புக் குழலுக்குப் போகிறது. அதற்குக் கீழ்ப்பட்டது 15 அங்குல ஸ்பீக்கருக்கு. கொம்புக்கு இரண்டு வாய் இருக்கும். ஒலி ஒன்றில்தான் வரும். மற்றது எடை சமமாக இருப்பதற்காக வைத்த வெறும் வாய். பெரிய ஸ்பீக்கர் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கிறது. அதன் அடியில் ஒரு மர உருளை சுழன்று, ஒலியை நாற்புறமும் வாரி வீசுகிறது. கொம்பும் உருளையும் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன.

ரயில் நம்மைக் கடக்கும்போது ஹாரனின் சுருதி இறங்குகிறதே, அதே டாப்ளர் விளைவுதான் இங்கும். கொம்பின் வாய் நம்மை நோக்கி வரும்போது ஸ்வரம் கொஞ்சம் ஏறும், விலகும்போது இறங்கும். எவ்வளவு என்று கணக்குப் போடலாம். வேகமான நிலையில் கொம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்று சுற்றுகிறது. வாய் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொண்டால், அது நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் பாய்கிறது. ஸ்வரம் இரண்டரை சதவீதம் வரை மேலும் கீழும் ஆடும். அரை ஸ்வரத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் அதோடு ஒலியின் அளவும் கூடிக் குறைகிறது, சுவர்களில் பட்ட எதிரொலிகளும் வேறு வேறு நேரத்தில் வந்து சேர்கின்றன. மெதுவான நிலையில் நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்றுதான். நாதம் மூச்சுவிடுவது போல இருக்கும்.

லெஸ்லி இதை ஹேமண்டிடமே கொண்டுபோனார். ஹேமண்ட் ஏற்கவில்லை, தம் விற்பனையாளர்கள் அந்தப் பெட்டியைத் தொடுவதையும் விரும்பவில்லை. லெஸ்லி பாசடீனாவில் சொந்த நிறுவனம் தொடங்கி விற்றார். கருவியைச் செய்தவரைவிட வாசித்தவர்களின் காதே சரியாக இருந்தது என்று உறுதியாகச் சொல்வேன். ஹேமண்டின் பி-3 மாடல் என்றாலே லெஸ்லி பெட்டியோடுதான் என்று ஆகிவிட்டது. பெட்டியின் தாக்கம் ஆர்கனோடு நிற்கவுமில்லை. 1966-ல் பீட்டில்ஸ் குழு ஒரு பாடலில் ஜான் லெனனின் குரலையே இந்தப் பெட்டி வழியாக அனுப்பிப் பதிவு செய்தது.

தொடக்ககாலப் பெட்டிகளில் ஒரே வேகம்தான். இரண்டு வேகம் வந்த பிறகுதான் இது முழுமையான வாசிப்புக் கருவியானது. லேசான கொம்பு ஒரு நொடியில் வேகம் பிடித்துவிடும். கனமான உருளைக்குப் பல நொடிகள் தேவை. நல்ல ஆர்கனிஸ்ட் இந்த இடைவெளியைத்தான் வாசிக்கிறார். கார்டைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினால், மேல் ஸ்தாயி முதலில் துடிக்கத் தொடங்கும், கீழ் ஸ்தாயி பின்னால் வந்து சேரும். அழுத்தத்தைக் காட்டாத கட்டைகளில் பாவம் வருவது இந்த வழியாகவும் வால்யூம் பெடல் வழியாகவும்தான். எப்போதும் வேகத்திலேயே விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பெட்டியை வீணாக்குவது.

1956 முதல் ப்ளூ நோட் நிறுவனத்துக்குப் பதிவு செய்த ஆர்கனிஸ்ட் ஜிம்மி ஸ்மித்தைக் கேளுங்கள். ஹார்மோனிக்குகளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒன்பது டிராபார்களில் முதல் மூன்றை முழுக்க இழுத்து, மற்றவற்றை உள்ளே தள்ளிவிடுவார். கோரஸ் எஃபெக்ட் சி-3 நிலையில், பெர்கஷன் மூன்றாம் ஹார்மோனிக்கில். பெர்கஷன் என்பது ஸ்வரத்தின் தொடக்கத்தில் விழும் சிறு 'டிங்'. அழுத்தியிருக்கும் எல்லாக் கட்டைகளையும் விட்ட பிறகு அடுத்ததைத் தொட்டால்தான் அது மறுபடி ஒலிக்கும். கோத்து வாசித்தால் முதல் ஸ்வரத்தோடு சரி. பி-3-ல் பெர்கஷனைப் போட்டதும் ஒன்பதாவது டிராபாரின் ஒலி நின்றுவிடும். சக்கரங்களின் ஒலியைக் கணக்கிட்டு உண்டாக்கும் இன்றைய டிஜிட்டல் ஆர்கன்கள் பலவும் இந்த இயல்பை அப்படியே வைத்திருக்கின்றன. டிராபாரை இழுத்தும் சத்தம் வராவிட்டால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

நம் ஊர் தேவாலயங்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் இருக்கும் கீபோர்டுகளில் 'ரோட்டரி' என்ற பெயரில் வருவது இந்தப் பெட்டியின் நகல்தான். அதை நன்றாகக் கேட்க, முதலில் டச் சென்சிட்டிவிட்டியை அணையுங்கள். ரிவர்ப், கோரஸ் என்று வேறு எஃபெக்ட் ஏதாவது கூடவே ஓடினால் குறையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் சுழற்சி குழம்பிக் கூழாகிவிடும். இடது வலது இரண்டு கேபிள்களையும் மிக்ஸரில் இரண்டு சேனல்களில் செருகி, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் திருப்புங்கள். ஹாலில் ஸ்பீக்கர்கள் மோனோவாக ஓடினால் 'எல்/மோனோ' துளையில் ஒரே கேபிள் போதும். வலது துளையில் மட்டும் செருகினால் பாதிச் சுழற்சிதான் போகும்.

ஆர்கனுக்கு சஸ்டெய்ன் பெடலால் வேலை இல்லை. உங்கள் கீபோர்டு இடம் கொடுத்தால் அந்தப் பெடலை ரோட்டரி வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் கட்டையிலேயே இருக்கும். பல்லவிக்குத் திரும்பும்போது துடிப்பு உச்சத்தில் இருக்க வேண்டுமென்றால், திரும்பும் இடத்தில் அழுத்தாதீர்கள்; சில நொடி முன்பே அழுத்துங்கள். உருளை வேகம் பிடிக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

(தொடரும்)